இருபத்து மூன்று படி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் என்ற முறையில் சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றுதான் செயலாளர் தங்கை கேட்டார். நீரிழிவு பற்றிப் பேசலாம் என்று இருந்தேன். இன்றைய மதியச் சாப்பாட்டுக்கு என்னென்ன இனிப்பு வருகிறது என்று கேள்விப்பட்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்.

உண்மையில் விடயத்தை மாற்றியது வேறொன்று. சென்ற மாதம் செயற்குழுவிடமிருந்து நம் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடலாம் என்று கேட்டிருந்தார்கள். மண்டபத்துக்குப் புதிய ஒலிபெருக்கியும் பெரிய திரையும் என்பது ஒரு யோசனை. மண்டபத்துக்கு ஒரு சாய்வுப்பாதையும், சக்கர நாற்காலி நுழையக்கூடிய ஒரு மலசலகூடமும் என்பது இன்னொரு யோசனை. கடிதத்தின் அடியில், அதிகமான மாணவியர் பயனடையும் திட்டத்துக்கு முன்னுரிமை வழங்கப்படும் என்று எழுதியிருந்தது. யாராலும் குறை சொல்ல முடியாத வரி. அதை வாசித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே நியாயத்துக்காக இந்தப் பாடசாலையில் நான் ஒருமுறை கை தூக்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆண்டு பத்து. நாங்கள் 38 பேர். வகுப்பு மேல்மாடியில், விஞ்ஞான கூடத்துக்குப் பக்கத்தில். நல்ல காற்று வரும். வானம் தெளிந்த நாளில் நக்கிள்ஸ் மலை தெரியும். எங்களோடு ஒருத்தி படித்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து வலது கால் சூம்பிப் போயிருந்தது. இரும்புப் பட்டை போட்டுத்தான் நடப்பாள். வருடத் தொடக்கத்தில் எங்கள் வகுப்பாசிரியை, நல்ல மனசுக்காரர், கீழே கன்டீனுக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது, இவளுக்காக அங்கே போவோமா என்று கேட்டார். அந்த அறை இருட்டு. வடை பொரிக்கும் எண்ணெய்ப் புகை ஜன்னலால் வரும். சண்டை வேண்டாம், வாக்கெடுப்பு வைப்போம் என்றார் டீச்சர். மேலேயே இருப்போம் என்று 31 கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. நான் அப்போது வகுப்பு மொனிட்டர். கைகளை எண்ணிக் கரும்பலகையில் எழுதியதும் நான்தான்.

அவள் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. டீச்சர் அவளிடம் தனியாகக் கேட்டார். "பரவாயில்லை டீச்சர், நான் ஏறிக்கொள்வேன்" என்றாள். எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி.

இரண்டு வருடம் ஏறினாள். இடைவேளைக்கு இறங்க மாட்டாள். தண்ணீர்ப் போத்தல் கொண்டு வரவே மாட்டாள். தண்ணீர் குடித்தால் மலசலகூடத்துக்குப் போக வேண்டும், மலசலகூடம் கீழே இருந்தது. இந்தச் சிறிய விடயம் எனக்குப் புரிந்தது பத்து வருடம் கழித்து, வார்டில் சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் "ஏன் மகள் தண்ணீர் குடிப்பதில்லை?" என்று கேட்டபோது. சாதாரண தரத்தில் அவளுக்குக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் D. எனக்கு விஞ்ஞானத்தில் C. உயர்தரத்துக்கு அவள் கலைப்பிரிவுக்குப் போனாள். அந்த வகுப்பு கீழே நடந்தது.

இதை இங்கே சொல்லலாமா என்று போன வாரம் தொலைபேசியில் அவளிடம் கேட்டேன். இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறாள். சிரித்தாள். "என் பெயரைச் சொல்லாதேடி. படிக்கட்டைச் சொல்லு. மொத்தம் இருபத்து மூன்று படி. திருப்பத்தில் ஒரு படி மட்டும் மற்றதைவிட உயரம்" என்றாள். அந்தப் படிக்கட்டில் ஆறு வருடம் ஓடி ஏறியவள் நான். எத்தனை படி என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் அன்று போட்ட கணக்குக்கு மெய்யியலில் ஒரு பெயர் இருக்கிறது. பயன்பாட்டுவாதம் என்பார்கள். ஒரு செயலால் யாருக்கு எவ்வளவு இன்பம், யாருக்கு எவ்வளவு துன்பம் என்று கூட்டிக் கழித்து, மொத்தத்தில் அதிக நன்மை தருவதைச் செய் என்பது அதன் சாரம். இதை முறையாக எழுதி வைத்தவர் 1748இல் பிறந்த ஆங்கிலேயர் ஜெரமி பெந்தம். அவருக்குப் பின் ஜோன் ஸ்டுவார்ட் மில். (பெந்தம் தன் உடலைப் பாதுகாத்து வைக்கும்படி உயில் எழுதியவர். அவருடைய எலும்புக்கூட்டுக்கு உடை உடுத்தி, மெழுகில் தலை செய்து வைத்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். செத்த பிறகும் பயன்பட வேண்டும் என்ற கொள்கைப் பிடிப்பு!)

இந்தக் கொள்கையை நான் கேலி செய்ய வரவில்லை. என் தொழிலே பாதி அதுதான். ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளி இருக்கும் இரவில் நானும் கணக்குத்தான் போடுகிறேன். என் தோழியின் காலைச் சூம்ப வைத்த அந்த நோய், 1993க்குப் பிறகு இலங்கையில் ஒருவருக்கும் வந்ததாகப் பதிவில்லை. குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளைக் காப்பாற்று என்ற கணக்கு, குடும்பநல உத்தியோகத்தரின் தடுப்பு மருந்துப் பெட்டியில் ஏறி லயன் லயனாகப் போனதால் கிடைத்த வெற்றி அது. கணக்கு அங்கே சரி. ஆனால் தடுப்பு மருந்து வருமுன் கால் சூம்பிய பிள்ளைக்கு அந்தக் கணக்கில் அடுத்த வரி இல்லை. அவளுக்கு என்ன செய்வது என்று கேட்டால் அதே கணக்கு, "ஒருத்திதானே" என்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியவர் அமர்த்தியா சென். 1979இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், எதில் சமத்துவம் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஓர் உரை நிகழ்த்தினார். அதில் வரும் உதாரணத்தை என் சொற்களில் சொல்கிறேன். இரண்டு பேர். ஒருவர் கையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதிலிருந்து நிறைய இன்பம் எடுத்துவிடுவார். மற்றவருக்கு உடற்குறை, அதே பணத்தில் பாதி இன்பம்தான் அவரால் எடுக்க முடிகிறது. மொத்த இன்பத்தைக் கூட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் பணத்தை யாருக்கு அதிகம் கொடுப்பீர்கள்? முதலாமவருக்கு. ஆக, குறையுள்ளவருக்கு இரட்டை நட்டம். அதே பணத்தில் அவருக்குக் கிடைக்கும் பயன் குறைவு. பயன் குறைவு என்பதாலேயே பணமும் குறைவு.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். 1993இல் உலக வங்கியின் அபிவிருத்தி அறிக்கை, நோய்களின் சுமையை அளக்க ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டாலி என்போம். முழு ஆரோக்கியம் பூச்சியம், இறப்பு ஒன்று. இரண்டுக்கும் இடையில் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஓர் எண். சுகாதார நிபுணர்களைக் கூட்டி வைத்துப் போட்ட முதல் கணக்கில் முழுப் பார்வையின்மைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 0.6. 2010ஆம் ஆண்டுக்கான மீள்கணிப்பில் பல நாட்டுப் பொதுமக்களிடம் வேறு விதமாகக் கேட்டார்கள், எண் 0.2க்குக் கிட்ட இறங்கிவிட்டது. இடையில் கண் தெரியாதவர்களின் வாழ்க்கை மும்மடங்கு திருந்திவிடவில்லை. யாரைக் கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்பது மாறியது. இந்த அளவுகோலால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன், நானும் பாவிக்கிறேன். ஆனால் தசமப் புள்ளி இருப்பதாலேயே ஓர் எண் நியாயமாகிவிடாது.

சரி, அவர்களிடமே கேட்டால் தீராதா என்று நினைக்கலாம். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் வகுப்பில் அவளிடம் கேட்டார்கள். "பரவாயில்லை" என்றாள். உடனே அவளுடைய துன்பத்தைக் கணக்கிலிருந்து அழித்துவிட்டோம். அவள் அழுதிருந்தால்? "பாவம், இவளுக்கு மேல்படிப்பு கஷ்டம்தான், வீட்டோடு இருக்கட்டும்" என்றிருப்போம். சிரித்தால் உதவி தேவையில்லை, அழுதால் உதவிப் பயனில்லை. இல்லாததோடு வாழப் பழகியவர்களின் திருப்தியை அளவாக எடுக்காதீர்கள் என்று சென் திரும்பத் திரும்ப எழுதியது இதனால்தான். என்ன உணர்கிறாள் என்று கேட்குமுன், அவளால் என்ன செய்ய முடிகிறது, எங்கே போக முடிகிறது என்று பாருங்கள் என்கிறார். விஞ்ஞான கூடத்துக்குப் போக முடிந்ததா? தாகம் எடுத்தபோது தண்ணீர் குடிக்க முடிந்ததா? இந்தக் கேள்விகளுக்கு 31 கைகளும் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பான்மையின் நன்மை என்ற சொல்லை இந்த நாட்டில் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். எவ்வளவு பெரிய கொடை! என்னை வைத்தியராக்கியதும் அதுதான். ஆனால் என் அம்மம்மா படித்த தோட்டத்துப் பள்ளிக்கூடம் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். அந்த முப்பது வருடத்தில் கொழுந்தோடும் கொக்கோவோடும் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். கணக்கில் வராதவர்களின் பேத்திகள் நாம். நாம் கணக்குப் போடும்போது கொஞ்சம் கை நடுங்க வேண்டாமா?

ஒரு கஷ்டமான இடத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். என் கிளினிக்குக்கு ஒரு தாய் எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்தார். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, மந்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். பரிசோதித்தால் காது சரியாகக் கேட்கவில்லை. கண்டிக்கு அனுப்பினோம். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தத் தாய்க்கு ஒரு நாள் பேர் போய்விடும். பிள்ளையை முன்வாங்கில் இருத்துங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று வகுப்பாசிரியைக்கு எழுதினேன். அவர் நேரில் வந்தார். "டொக்டர், முன்வாங்கில் இருத்திவிட்டேன். ஆனால் இவளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க நேரம் வேண்டும். மற்ற நாற்பது பேரை என்ன செய்வது?" என்றார். கண் கலங்கியிருந்தது. அது எங்கள் வகுப்பின் வாக்கெடுப்பு மாதிரி அல்ல. நாங்கள் காற்றையும் மலைக்காட்சியையும் ஒரு பக்கம் வைத்து, ஒரு பிள்ளையின் படிப்பை மறுபக்கம் வைத்து நிறுத்தோம். ஒருவரின் அவசியத்தைப் பலரின் வசதியால் ஈடுகட்ட முடியாது, எத்தனை பேரின் வசதியைக் கூட்டினாலும் சரி. இந்த ஆசிரியையின் தராசில் இரண்டு பக்கமும் படிப்புதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தைப் பங்குபோடும் பாரத்தை அவர் தலையில் மட்டும் ஏற்றி வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். பயிற்சி பெற்ற விசேட கல்வி ஆசிரியை ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்தக் கணக்கே எழுந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, பெண்கள், பிள்ளைகள், அங்கவீனமுற்றோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வது சமத்துவத்துக்கு விரோதமல்ல என்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அங்கவீனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது. பொதுமக்கள் போகும் கட்டடத்தைப் பாவிக்க விடாமல் தடுக்கவும் கூடாது. 2006இல் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. அவை ஏட்டிலேயே தூங்காமல் இருக்க ஒரு மனிதர் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் வீதியோர மரம் விழுந்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2009இல் அவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில், புதிய பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் போதுமான அளவு இருக்கிறது. சீமெந்துதான் இல்லை.

செயற்குழுவில் ஓர் அக்கா நியாயமாகவே கேட்டாராம்: நம் பாடசாலையில் இப்போது சக்கர நாற்காலிப் பிள்ளை ஒருவர்கூட இல்லையே, யாருக்காகக் கட்டுவது? 2012 குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 8.7 பேருக்கு ஏதோ ஒரு வகைச் சிரமம் இருப்பதாகக் கண்டார்கள். எல்லாம் சக்கர நாற்காலியல்ல. ஆனாலும் மாத்தளை மாவட்டம் முழுவதிலும் நடக்க முடியாத பெண்பிள்ளை ஒருத்தியும் இல்லை என்று என் கிளினிக்கைப் பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார். அவர்கள் நம் பதிவேட்டில் இல்லை, அவ்வளவுதான். படியில் ஏற முடிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, பிறகு தலையை எண்ணினால் சாய்வுப்பாதைக்கு எப்போதும் பூச்சியம்தான் வரும்.

உங்களை இணங்க வைக்க எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. இன்று காலை மண்டபத்துக்கு வரும்போது மூன்று படியில் நம் மூத்த அக்காமார் எத்தனை பேர் கைப்பிடி தேடினார்கள் என்று பார்த்தேன். சாய்வுப்பாதை கட்டினால் முழங்கால் வலிக்காரருக்கும், கர்ப்பிணிக்கும், பண்டக் கூடை தூக்கி வருபவருக்கும் உதவும். எல்லோருக்கும் பயன் என்று சொல்லி வாக்குக் கேட்கலாம். அதேபோல், அன்று அவளைக் கீழே படிக்க விட்டிருந்தால் நாட்டுக்கு இன்னொரு வைத்தியர் கிடைத்திருப்பார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனாலும் இரண்டையும் நம்பி நிற்க எனக்கு விருப்பமில்லை. நாளைக்குப் பிரெய்ல் படிக்கும் ஒரு பிள்ளை வருவாள். அவளுக்கு வாங்கும் புத்தகம் வேறு யாருக்கும் உதவாது. இன்னொருத்தி வருவாள், எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் D எடுக்க மாட்டாள். அவர்களுக்கு அப்போது என்ன பதில் சொல்வோம்?

எல்லாளன் கதை நமக்கெல்லாம் தெரியும். அனுராதபுரத்தில் இருந்து ஆண்டவன். கன்றை இழந்த பசு மணியை அடித்தது, மகனைத் தேர்க்காலில் இட்டான். மகாவம்சமும் சொல்கிறது, திருவாரூரில் மனுநீதிச் சோழன் பெயரில் நம்மவர்களும் சொல்கிறார்கள். நாட்டின் மொத்த நன்மையை நிறுத்துப் பார்த்திருந்தால் ஒரு பசுவுக்காக யாராவது இளவரசனை இழப்பார்களா? அந்தத் தண்டனையை நான் ஒரு தாயாக ஏற்க மாட்டேன், அது வேறு. எனக்குப் பிடித்தது அந்தக் கயிறு. பசுவுக்கு எட்டும் உயரத்தில் யாரோ அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே செயற்குழுவிடம் என் வேண்டுகோள். இந்த விடயத்தில் கை தூக்கச் சொல்லாதீர்கள். தூக்கினால் எந்தப் பக்கம் கூடும் என்று எனக்குத் தெரியும், நானே எண்ணியிருக்கிறேன். மேல்மாடிக்குச் சாய்வுப்பாதை கட்டச் சொல்லவில்லை. ஓர் அடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இருபத்து மூன்று படிக்கு அது நம் விளையாட்டு மைதானம் வரை போகும். அங்கே தேவை சீமெந்து அல்ல, நேரசூசி. தேவைப்படும் பிள்ளை இருக்கும் வகுப்பு கீழே நடக்கட்டும், விஞ்ஞான கூடத்தின் ஒரு மேசையும் கீழே வரட்டும். கன்டீன் அறைக்கு இரண்டு ஜன்னலும் ஒரு விசிறியும் போடும் செலவை எங்கள் வகுப்பு ஏற்கும். 37 பேரில் 29 பேரோடு பேசிவிட்டேன். மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மண்டபத்து முகப்பில் இருக்கும் மூன்று படியையும் இன்று காலை நாடா பிடித்து அளந்தேன். பதினெட்டு அங்குலம். பதினெட்டு அடி நீளம் வேண்டும். இடது பக்கம் செவ்வரளிப் பாத்தி இருக்கும் இடத்தில் இருபத்திரண்டு அடி இருக்கிறது. செடிகளை எடுத்துப் பின்பக்கம் நடலாம் என்று தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் சொன்னார், மழைக்கு முன்னால் சொல்லிவிட்டால் நல்லது என்றார்.